கட்ச் சிறிய ரண்: காட்டுக் கழுதை பார்க்கத் தங்கிய முகாம்

கழுதையைப் பார்க்க குஜராத் வரை போகணுமா என்று மாமியார் கேட்டார். தாராளமாகப் போகலாம். ஆனால் அறைக்காகப் போகாதீர்கள், ஜீப்புக்காகப் போங்கள்.

ரண் என்றால் உப்புப் படிந்த வெட்டவெளி. முகாம் இருப்பது தசாடா என்ற ஊர்ப் பக்கம். அகமதாபாத்திலிருந்து கார் வைத்துப் போனோம். தங்குவது மண்சுவரில் கண்ணாடிச் சில்லு பதித்து, புல்கூரை வேய்ந்த வட்டக் குடிசையில். பார்க்க அழகுதான். வெந்நீர் மட்டும் வாளியில் வரும், அதுவும் முன்னாலேயே சொல்லி வைத்தால். ஜனவரி விடியற்காலைக் குளிர் நம்ம ஊர் உடம்புக்குத் தாங்காது, கூடுதல் ரஜாய் (பஞ்சு வைத்த போர்வை) கேட்டு வாங்குங்கள். வனத்துறை அனுமதிக் கட்டணமும் கேமராக் கட்டணமும் தனி என்பதைக் கணக்கு முடிக்கும்போதுதான் சொன்னார்கள். எரிச்சலாக இருந்தது.

ஜீப் ஓட்டுநர்தான் வழிகாட்டியும். கழுதைக் கூட்டத்தைக் கண்டதும் தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டார். துரத்தினால் மணிக்கு 70 கி.மீ. வரை ஓடும், அப்புறம் வாலைத்தான் படம் எடுக்கலாம் என்றார். சும்மா உட்கார்ந்திருந்தோம். மேய்ந்துகொண்டே அவையாகவே கிட்டே வந்தன. வெளிர் சந்தன நிறம், வெள்ளை வயிறு, முதுகு நெடுக ஒரு கறுத்த பட்டை. வண்ணான் துறைக் கழுதையோடு சேர்த்துப் பேசவே மனசு வராது. 1960களில் நோய் வந்து சில நூறாகக் குறைந்த இனம் இது. 2024 கணக்கெடுப்பில் 7,672.

மேடான இடங்களில் மட்டும்தான் பச்சை. அங்கே பார்த்தால் நம்ம ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம்! கழுதைகள் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பிவிடுகின்றன. வனத்துறைக்கு இது தலைவலி.

மாலைச் சவாரியில் பூநாரைகளும் கொக்குகளும் கிடைத்தன. அதைவிட உப்பளத்தில் அதிக நேரம் நின்றோம். நிலத்தடி உப்புநீரை அகரியா என்ற உப்பளத் தொழிலாளர் குடும்பங்கள் இறைத்துப் பாத்தியில் காய வைக்கிறார்கள். முன்பு டீசல் பம்பு, இப்போது பல இடத்தில் சோலார்.

சாப்பாட்டில் குறையே இல்லை. கம்பு ரொட்டி, சுட்ட கத்தரிக்காய், பூண்டுச் சட்னி, வெல்லம், மோர். எல்லாம் சைவம்.

முகாமுக்கு மூன்று நட்சத்திரம், ஓட்டுநருக்கு ஐந்து. மழையில் ரண் முழுக்கத் தண்ணீர் நிற்பதால் ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை சரணாலயம் மூடியிருக்கும். டிசம்பர், ஜனவரி நல்லது. சனி, ஞாயிறைத் தவிருங்கள். பக்கத்துக் குடிசைக் கும்பல் நடுராத்திரி வரை ஸ்பீக்கரை அலறவிட்டது, கேட்க ஆளில்லை.