பொத்தான் கியர்: கிரைஸ்லரா, எட்செலா?

பழைய அமெரிக்கக் கார் ஒன்றைப் பொத்தான் கியருக்காகவே (பொத்தானை அழுத்திக் கியர் மாற்றும் வசதி) வாங்க நினைப்பவர்கள் கிரைஸ்லருக்கும் ஃபோர்டு நிறுவனத்தின் எட்செலுக்கும் இடையில் தடுமாறுவது இயல்பே.

இயக்கம்: 1956 முதல் 1964 வரை வந்த கிரைஸ்லர் ஆட்டோமேட்டிக் கார்களில், டாஷ்போர்டின் இடப்பக்கப் பொத்தானை அழுத்தியதும் கேபிள் ஒன்று கியர்பெட்டியின் வால்வை நேரடியாக நகர்த்தும், 1958 எட்செலின் டெலிடச் என்ற பொத்தான் அமைப்பிலோ, ஸ்டீயரிங்கின் நடுவிலுள்ள பொத்தான்கள் ஆணையிட, மின்மோட்டார் ஒன்று கியரை மாற்றும்.

உழைப்பு: கேபிள் எளிய அமைப்பு என்பதால் நீண்ட காலம் தாங்கும். எட்செலின் மோட்டாரோ மேட்டில் பார்க்கில் (கார் நகராமல் பூட்டும் கியர் நிலை) நிறுத்திய காரை விடுவிக்கவே திணறியது. அந்த ஏற்பாடு ஓராண்டிலேயே கைவிடப்பட்டது.

கைவசதி: எட்செலில், ஹாரனைத் தேடி அவசரத்தில் கை போகும் இடத்தில் கியர் இருப்பது ஆபத்து என்றே கருதுகிறேன். கிரைஸ்லரின் தொடக்க ஆண்டுகளில் பார்க் நிலை இல்லாததால் கைபிரேக்கையே நம்ப வேண்டும்.

அடிக்கடி ஓட்டுவதற்குக் கிரைஸ்லர் பொருந்தும். வயரிங்கைப் பொறுமையாகச் சீர்செய்து காட்சிக்கு வைப்பவருக்கு எட்செல் பொருந்தும்.