சந்தா கட்டும் முன் ஊரைக் கண்டுபிடியுங்கள்: 1749-இல் பென்சில்வேனியா வந்த ஒரு ஜெர்மானியரைத் தேடிய அனுபவம்

என் கணவர் வீட்டார் ‘பென்சில்வேனியா டச்சு’க்காரர்கள். பெயரில்தான் டச்சு. முன்னோர் கப்பலேறிய துறைமுகம் ரோட்டர்டாம் என்பதைத் தவிர ஹாலந்துக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ரைன் நதிப் பக்கத்திலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்த ஜெர்மானியர்களின் வழிவந்தவர்கள். அந்த முதல் ஆள் யார், எந்த ஊர் என்று தேடும் வேலை எப்படியோ மருமகளான என் தலையில் வந்து விழுந்தது. சில வருடங்களாக விட்டுவிட்டுச் செய்துவருகிறேன். அமெரிக்காவில் இப்படிப்பட்ட குடும்பங்களில் மருமகளாகவும் மருமகனாகவும் போயிருக்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். “எந்தத் தளம் நல்லது, காசு கட்டலாமா?” என்று சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிப் பக்கத்துத் தளங்களுக்குப் பணம் கட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும். ஜெர்மனி என்ற ஒரே நாடு 1871-இல்தான் உருவானது. அதற்கு முன் நூற்றுக்கணக்கான சிற்றரசுகள், பிரபுக்களின் பண்ணைகள், தனி நகரங்கள். எல்லாருக்கும் பொதுவான பதிவேடு என்று எதுவும் கிடையாது. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அந்தந்த ஊர்ப் பாதிரியார் தன் கைப்பட எழுதிய புத்தகத்தில் இருக்கும். ஊர் தெரிந்தால் அரை மணி நேர வேலை, தெரியாவிட்டால் ஆயுள் முழுக்கத் தேடலாம். அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டியது அமெரிக்காவில் இருக்கும் காகிதம்தான்.

வீட்டுக் கதைகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். என் மாமியார் சொன்னது இது: “மூன்று சகோதரர்கள் சேர்ந்து வந்தார்கள், எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார்.” நியூயார்க்கில் குடியேறுபவர்களைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892-இல். எங்கள் ஆள் வந்தது அதற்கு ஏறக்குறைய 140 வருடம் முன்பு, பிலடெல்பியாவில். மூன்று சகோதரர் கதையோ எந்த ஜெர்மன் குடும்பத்தைக் கேட்டாலும் இருக்கிறது. அதென்ன கணக்கோ, இரண்டு பேரும் வருவதில்லை, நான்கு பேரும் வருவதில்லை. குடும்பப் பெயரை இங்கே போடப் போவதில்லை. வசதிக்கு முல்லர் என்று வைத்துக்கொள்வோம்.

இலவசத் தளமான ஃபேமிலிசர்ச்சில் தொடங்கினேன். இன்றைக்கும் அதிக நேரம் செலவிடுவது அதில்தான். கணக்கு ஒன்று திறந்தால் போதும். சில படங்களை மட்டும் அவர்களோடு இணைந்த நூலகத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும். 2024-இல் வந்த முழுவாசகத் தேடல் ஒரு பெரிய வரம். அதற்கு முன் நிலப்பத்திரம், உயில் எல்லாம் மைக்ரோபிலிம் படங்களாகக் கிடந்தன. பக்கம் பக்கமாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டும். இப்போது கையெழுத்தை இயந்திரமே படித்து வைத்திருப்பதால், பத்திரத்தின் நடுவில் பக்கத்து நிலத்துக்காரராக வரும் பெயர்கூட அகப்படுகிறது. எங்கள் முல்லர் எனக்குக் கிடைத்ததே இன்னொருவருடைய பத்திரத்தில், எல்லை சொல்லும் வரியில்தான்.

இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டங்கள் பிரிந்துகொண்டே வந்தன. லங்காஸ்டர் 1729-இல் உருவானது, யார்க் 1749-இல், பெர்க்ஸ் 1752-இல், லெபனான் 1813-இல்தான். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், காகிதம் மட்டும் பழைய மாவட்டத் தலைநகரில் கிடக்கும். அனாதைகள் நீதிமன்றம் என்று ஒன்று உண்டு, பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். தாய் உயிரோடு இருந்தாலும் தகப்பன் இறந்துவிட்டால் அந்தக் காலச் சட்டப்படி பிள்ளைகள் அனாதைகள்தான். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாகக் கிடைப்பது அங்கேதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பிப் பயனில்லை. முதல் கணக்கெடுப்பு 1790, அதிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. வீட்டில் உள்ள எல்லார் பெயரும் வருவது 1850 முதல்தான்.

கட்டணத் தளங்களைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். அவற்றில் ஒன்றில் பல மாதம் சந்தா கட்டினேன். தேடல் வசதி, வரைபடம், அச்சடித்த பழைய நூல்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. தொல்லை அது காட்டும் ‘குறிப்பு’களில்தான். சொடுக்கினால் போதும், எவரோ கட்டிய குடும்ப மரம் அப்படியே நம் மரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் முல்லருக்கு அப்படி வந்தவை மூன்று வெவ்வேறு தகப்பன்மார். அதில் ஒருவர் மகனைவிட ஆறு வயதுதான் மூத்தவர். எல்லாரும் சேர்ந்து எழுதும் ஒரு பொது மரத்திலோ, நான் ஆதாரத்தோடு போட்டதை முன்பின் தெரியாத ஒருவர் வேறொரு முல்லரோடு சேர்த்துவிட்டார். பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜெர்மானியரில் பாதிப் பேருக்கு முதல் பெயர் யோஹான். வீட்டில் கூப்பிடுவது இரண்டாவது பெயரை. யோஹான் கியோர்க், யோஹான் யாக்கோப், யோஹான் பீட்டர் என்று ஒரே வீட்டில் மூன்று யோஹான்கள் இருப்பார்கள். இது புரியாமல் மரம் கட்டுகிறவர்கள் செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. பல ஊர் நூலகங்களில் கட்டணத் தளங்களின் நூலகப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கும். முதலில் அங்கே பார்த்துவிடுங்கள்.

கப்பல் பட்டியலில்தான் எனக்கு உண்மையான பிடிப்பு வந்தது. 1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள், 16 வயதுக்கு மேற்பட்டவர்கள், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை உண்டு: கப்பல் தலைவர் கொடுத்தது ஒன்று, பிரமாணத்தில் போட்ட கையெழுத்துகள் இரண்டு. 1934-இல் ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கியும் இவற்றை மூன்று தொகுதிகளாக அச்சிட்டார்கள். பலரும் முதல் தொகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பொக்கிஷம் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. கையெழுத்துகளின் நேர்நகல்கள் முழுக்க அதில்தான்.

1749 செப்டம்பரில் வந்த ஒரு கப்பலில் எங்கள் ஆளின் பெயர் இருந்தது. அதே பெயர் 1751-இல் வந்த இன்னொரு கப்பலிலும் இருந்தது. இரண்டில் எது? 1751 பெயரைக் குமாஸ்தா ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார், நடுவில் ஒரு பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவர் போட்ட அடையாளம். 1749-இல் இருப்பது குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து வடிவத்தில் சொந்தக் கையெழுத்து: ‘எம்’மின் முதல் கால் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது, கடைசி ‘ஆர்’ கொக்கிபோல் மேலே சுழன்று நிற்கிறது. எங்கள் முல்லரின் பெர்க்ஸ் மாவட்ட உயிலின் மூலத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். கை நடுங்கியிருக்கிறது, வயதாகிவிட்டது. ஆனால் அதே இறங்கும் கால், அதே கொக்கி. மரபணுச் சோதனை எதுவும் எனக்கு இவ்வளவு உறுதி தந்ததில்லை. ஒன்பது தலைமுறை தாண்டிய உறவுக்குச் சாதாரணச் சோதனையில் பொதுவான மரபணுத் துண்டு மிஞ்சுவதே அபூர்வம். தகப்பன்வழியைக் காட்டும் ஒய் குரோமோசோம் சோதனை எடுத்த கணவருக்கு ஜெர்மனியிலிருந்து பொருத்தம் எதுவும் வரவில்லை.

பட்டியலில் பெண்களும் சிறுவர்களும் இல்லை என்பது பெரிய குறை. இறந்தவர்களும் இல்லை. ரோட்டர்டாமில் ஏறி, இங்கிலாந்தின் கௌஸ் துறைமுகத்தில் சுங்கச் சோதனைக்கு நின்று, அட்லாண்டிக்கைக் கடக்க வாரக்கணக்கில் ஆகும். கப்பல் கூலி கட்ட முடியாதவர்களை வேலைக்கு எடுப்பவர்கள் வந்து ‘மீட்கும்’ வரை கப்பலை விட்டு இறங்க விடமாட்டார்கள். பிறகு சில வருடம் அந்த எஜமானிடம் உழைத்துக் கடனைக் கழிக்க வேண்டும். வந்த தேதிக்கும் முதல் நிலப் பதிவுக்கும் நடுவில் ஐந்தாறு வருடம் ஆள் காணாமல் போனால் கலங்க வேண்டாம். பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஊர்ப் பெயர் கடைசியில் கிடைத்தது ஒரு லூத்தரன் சர்ச்சின் அடக்கப் பதிவேட்டில். சில பாதிரியார்கள் வெறும் தேதி போடுவார்கள். சிலர் இறந்தவரின் வாழ்க்கையையே நாலு வரியில் எழுதிவிடுவார்கள்: எங்கே பிறந்தார், எப்போது கடல் தாண்டினார், எத்தனை பிள்ளைகள், என்ன நோய். எங்கள் அதிர்ஷ்டம், இரண்டாவது ரகப் பாதிரியார் அமைந்தார். இந்த லூத்தரன் சபைகளை ஒழுங்குபடுத்தியவர் 1742-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த பாதிரியார் ஹென்றி மெல்கியோர் முஹ்லன்பர்க். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் ஹாலேயில் படித்தவர்தான். தரங்கம்பாடியிலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் போன அறிக்கைகள் ஹாலேயில் ஒரே நிறுவனத்தால் அச்சாகியிருக்கின்றன. அங்குள்ள காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன என்று சொன்னதும்தான் மாமியார் வீட்டில் என் ஆராய்ச்சிக்கு ஒரு மரியாதை வந்தது.

அடக்கக் குறிப்பு இல்லாதவர்கள் ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் யார் என்று பாருங்கள். யாரையோ நிறுத்தமாட்டார்கள், ஒரே ஊரிலிருந்து வந்த சொந்தக்காரராகவே பெரும்பாலும் இருப்பார். அவருடைய ஊர் தெரிந்தால் உங்கள் ஆளின் ஊர் அதுவாகவோ அடுத்த ஊராகவோ இருக்கும். அனெட் பர்கர்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஜெர்மன் ஊர்ப் பதிவேடுகளையும் பென்சில்வேனியாப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுத் தொகுத்த நூல்கள் உண்டு. தென்மேற்கு ஜெர்மனியின் வடக்கு கிரைச்காவ் பகுதிக்கான தொகுதி 1983-இல் வந்தது. எங்கள் ஊர் அந்தப் பகுதியில் சின்ஸ்ஹைம் பக்கம் என்பதால் அதை நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முல்லர் அதில் இல்லை. ஆனால் அவருடைய மகனுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் இருந்தார், அதே ஊரோடு.

ஊர்ப் பெயரைப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதைச் சரியான எழுத்தில் பிடிக்க பழைய ஜெர்மன் ஊர்களைப் பட்டியலிடும் மேயர்ஸ் ஊர் அகராதியின் இணையப் பதிப்பு போதும், இலவசம். ஒரே பெயரில் பத்து ஊர் வரும். எந்த ஊருக்கு எங்கே சர்ச் என்பதைக் காட்டுவதால் கழித்துக்கொண்டே வரலாம்.

இதற்குப் பிறகுதான் ஆர்ச்சியான் என்ற ஜெர்மன் தளத்தில் சந்தா. புராட்டஸ்டன்ட் சபைக் காப்பகங்களின் பதிவேட்டுப் படங்கள் அதில் இருக்கின்றன. தென்மேற்குப் பகுதிகளான பாடன், வூர்ட்டம்பெர்க் இரண்டும் உண்டு. பெயர் போட்டுத் தேடும் தளமல்ல, ஊரையும் வருடத்தையும் திறந்து நாமே படிக்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் மாட்ரிகுலா என்ற தளம் இலவசம், ஆனால் எல்லா மறைமாவட்டங்களும் அதில் இல்லை. படிப்பதற்கு குர்ரெண்ட் எழுத்து பழக வேண்டும். அதில் ‘இ’யும் (e) ‘என்’னும் (n) இரட்டைப் பிள்ளைகள், ‘யு’வை (u)த் தலைமேல் உள்ள வளைவை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கையெழுத்து வாசிக்கும் செயலிகள் உதவுகின்றன, ஆனால் 1720-களின் அவசரக் கையெழுத்தில் பெயர்களைக் கண்டபடி கற்பனை செய்கின்றன. நானே ஒரு தாளில் அந்தப் பாதிரியாரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்து வைத்துக்கொண்டேன்; நாலைந்து பக்கத்தில் கண் பழகிவிட்டது. தேதியிலும் கவனம் வேண்டும். மாதமும் நாளும் போடாமல், சர்ச் பண்டிகையைக் கணக்காக வைத்து ‘திரித்துவத்துக்குப் பின் பத்தாம் ஞாயிறு’ என்று எழுதியிருப்பார்கள். புராட்டஸ்டன்ட் ஜெர்மனி 1700-இல் புது நாள்காட்டிக்கு மாறியது, பென்சில்வேனியா 1752-இல்தான் மாறியது. அதுவரை இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம்.

1722-இல் முல்லரின் ஞானஸ்நானம் இருந்தது. கூடப்பிறந்தவர்கள் ஏழு பேர், நாலு பெயருக்குப் பக்கத்தில் இறந்ததைக் காட்டும் சிலுவைக்குறி. இவர் பெயருக்கு எதிரே ஓரத்தில், வேறு மையில், வேறு கையில், ஒரே வரி: பென்சில்வேனியாவுக்குப் போனார். அனுமதி வாங்கிப் போனவர்களுக்குக் கார்ல்ஸ்ரூவே அரசுக் காப்பகத்தில் இன்னொரு தடம் கிடைக்கும். பண்ணையடிமை நிலையிலிருந்து விடுதலைக் கட்டணம், எடுத்துப்போகும் சொத்துக்கு வரி என்று கட்டிய கணக்குகள் அவை. எங்கள் ஆள் பெயர் அதில் இல்லை. சொல்லாமல் கிளம்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படிக் கிளம்பியவர்கள் நிறையவே உண்டு.

அந்த ஊர்ப் புத்தகம் 1650-களுக்கு முன் இல்லை. முப்பதாண்டுப் போரில் (1618–48) அந்தப் பகுதி ஏறக்குறைய காலியானது. ஆளில்லாத வயல்களுக்குச் சுவிட்சர்லாந்திலிருந்து விவசாயிகள் வந்து குடியேறினார்கள். முல்லரின் தாத்தா கல்யாணப் பதிவிலும் சூரிச் சீமைக்காரர் என்று இருக்கிறது. ஆக, இவர்கள் ஜெர்மனிக்கே வந்தேறிகள். சூரிச் அரசுக் காப்பகத்தில் 1634 முதல் பாதிரியார்கள் வீடு வீடாக எடுத்த ஜனக்கணக்குப் பட்டியல்கள் இருக்கின்றன, வேற்றூர் போனவர்கள் குறிப்பும் சிலவற்றில் உண்டு. அடுத்து அதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஆர்ச்சியான் தேவையில்லை என்பதால் இந்த மாதத்தோடு சந்தாவை நிறுத்திவிட்டேன்.