எந்த இன்ஜினுக்கு முதலில் பணம்? பிரிட்டன் பாரம்பரிய ரயில்களின் ஓவர்ஹால் கணக்கு

பிரிட்டனின் பாரம்பரிய ரயில்பாதைகளில் (பழைய ரயில்களை ஆர்வலர்கள் பயணிகளுக்காக ஓட்டிக்காட்டும் பாதைகள்) ஓடும் ஒவ்வொரு நீராவி இன்ஜினுக்கும் ஒரு கெடு உண்டு. அங்கே அதை 'பாய்லர் டிக்கெட்' என்பார்கள். வழக்கமாக 10 ஆண்டு. நடுவில் ஆண்டுதோறும் பரிசோதனை. கெடு முடிந்ததும் பாய்லரைத் தூக்கி இறக்கி, ட்யூப்களை உருவி, உள்ளும் புறமும் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, அழுத்தச் சோதனையில் தேறினால்தான் அடுத்த டிக்கெட். இந்த முழுப் பழுதுபார்ப்புதான் ஓவர்ஹால். இன்ஜின் ஓடினாலும் சரி, ஷெட்டில் நின்றாலும் சரி, அந்த 10 ஆண்டு கரைந்துகொண்டேதான் இருக்கும்.

அதாவது இது எதிர்பாராமல் வரும் செலவே இல்லை, முன்கூட்டியே நாள் குறித்துவிட்டு வரும் செலவு. அப்படியிருந்தும் பிரித்துப்போட்ட இன்ஜின்கள் வருடக்கணக்கில் ஒர்க்‌ஷாப் மூலையில் கிடக்கின்றன. எதைச் சரிசெய்வது, எந்தப் பணத்தில் செய்வது என்ற இரண்டு கேள்விக்கும் தப்பான வரிசையில் பதில் தேடுவதே இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் இன்ஜின். ஒரு பக்கம் பெயர்பெற்ற பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜின், மறுபக்கம் யாரும் போஸ்டர் ஒட்டாத நடுத்தர உழைப்பாளி. பெரியதற்கு உண்மையான பலம் உண்டு. 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' வருகிறது என்றாலே டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிடும். ஆனால் அதன் கணக்கையும் பாருங்கள். தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2004இல் அதை 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2006இல் தொடங்கிய ஓவர்ஹால் 2016இல்தான் முடிந்தது. செலவு சுமார் 42 லட்சம் பவுண்டு. தேசிய அருங்காட்சியகம் என்பதால் தாக்குப்பிடித்தது. தன்னார்வலர்களை நம்பி நடக்கும் ஒரு சிறு பாதையில் இது நடந்திருந்தால் மற்ற இன்ஜின்களின் பணமும் அதோடு போயிருக்கும்.

தேவை என்று பார்த்தாலும், இந்தப் பாதைகளில் பெரும்பாலானவற்றின் வேக வரம்பு மணிக்கு 25 மைல். ஐந்தாறு பெட்டிகளை அந்த வேகத்தில் இழுக்க மூன்று சிலிண்டர் 'பசிஃபிக்' வகைப் பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜின் எதற்கு? கரி எரியும் அறையான ஃபயர்பாக்ஸ் பெரிது என்றால் அதைத் தாங்கும் ஸ்டே ஆணிகளும் அதிகம். இன்ஜினின் இரும்புச் சட்டகத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் மூன்றாவது சிலிண்டருக்குத் தனி வேலை. கரியும் கூடத் தின்னும். 'பிளாக் ஃபைவ்' போன்ற நடுத்தர இன்ஜினில் இரண்டு சிலிண்டர்தான், இரண்டும் வெளியே, கை எட்டும் இடத்தில். மொத்தம் 842 கட்டினார்கள்; பல பாதைகளில் இன்னும் ஓடுவதால் அதன் சீக்குகள் எல்லோருக்கும் அத்துப்படி. என் வாக்கு தயங்காமல் அதற்குத்தான். பெரிய இன்ஜினுக்கு மெயின்லைன் (நாட்டின் வழக்கமான ரயில்கள் ஓடும் பாதை) சுற்றுலா வருமானம் உறுதியாக இருந்தால் பேச்சு வேறு. ஆனால் மெயின்லைனுக்குப் போகப் பாதுகாப்புக் கருவிகள் தனியாகப் பொருத்த வேண்டும், அதுவும் செலவுதான்.

இனி பணம். இங்கே ஒரு பழைய சிக்கல் உண்டு. வேல்ஸின் பாரி நகரில் இருந்த உட்ஹாம் பிரதர்ஸ் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மட்டும் 213 இன்ஜின்கள் காப்பாற்றப்பட்டன. அவற்றில் பலவற்றை வாங்கியவை சிறு சிறு ஆர்வலர் குழுக்கள். அதனால் பாதை ஒருவருடையது, இன்ஜின் வேறொருவருடையது. யாரிடம் பணம் இருக்கிறதோ அவர் இன்ஜின் முதலில் எழுகிறது. பாதைக்கு எது தேவை என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

இதைச் சமாளிக்கும் வழிகளில் இன்ஜின் ஓடும் நாளுக்கு இவ்வளவு என்று உரிமையாளருக்குக் கட்டும் வாடகையைத்தான் முதலில் வைப்பேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடுத்த ஓவர்ஹாலுக்கு 4 லட்சம் பவுண்டு வேண்டும், இன்ஜின் ஆண்டுக்கு 80 நாள் ஓடும் என்று வையுங்கள். 10 ஆண்டில் 800 நாள். நாளுக்கு 500 பவுண்டு ஒதுக்கினால்தான் சரிவரும். பாதை 300தான் தரமுடியும் என்றால், கெடு முடியும் அன்று 1,60,000 பவுண்டு துண்டு விழும் என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது. இப்படி முன்கூட்டியே உண்மையைச் சொல்லும் வழி வேறு இல்லை.

பொது வேண்டுகோள் வைத்துத் திரட்டும் பணம் வேகமாக வரும், ஆனால் பெயருக்குத்தான் வரும். எண் மட்டுமே உள்ள ஒரு சரக்கு இன்ஜினுக்கு மக்கள் மனம் இளகுவது கடினம். அப்புறம், ஒரு இன்ஜினுக்கென்று வாங்கிய காசை இன்னொன்றுக்குத் திருப்பவும் முடியாது. அதைவிட மாதச் சந்தா நல்லது. 'டொர்னாடோ' பழுதுபார்த்ததல்ல, புதிதாகவே கட்டப்பட்ட இன்ஜின்; 2008இல் ஓடத் தொடங்கியது. சுமார் 30 லட்சம் பவுண்டு ஆன அந்த வேலைக்கு அடித்தளம், வாரத்துக்கு ஒரு பியர் விலை என்று கேட்டு ஆயிரக்கணக்கானோரிடம் சேர்த்த பணம். அதே முறையில் பாதையின் பொது இன்ஜின் நிதிக்குச் சந்தா வாங்கினால், எந்த இன்ஜின் முதலில் என்று ஒர்க்‌ஷாப்பே முடிவெடுக்கலாம்.

வெளியிலிருந்து இன்ஜினை வாடகைக்கு எடுப்பது ஒரு சீசனைக் காப்பாற்றும், அவ்வளவுதான். சீசன் முடிந்தால் இன்ஜினும் போய்விடும், பணமும் போயிருக்கும்.

எந்த வழியானாலும், பாய்லரைத் திறந்து பார்க்காமல் இலக்குத் தொகையை அறிவிக்கக் கூடாது. ட்யூப் மாற்றினால் போதும் என்று நினைத்த இடத்தில் செம்பு ஃபயர்பாக்ஸே தேய்ந்திருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். நன்கொடை தந்தவர்களிடம் இரண்டாம் முறை போய் நிற்பது எவ்வளவு சங்கடம்!

டிக்கெட் முடியும் தேதிகளையும் கவனிக்க வேண்டும். மூன்று இன்ஜின்கள் ஒரே ஆண்டில் நின்றுவிட்டால் வாடகை இன்ஜின் எடுத்தே தீரவேண்டும். அந்த மூன்றுக்கும் சேர்த்துவைத்த பணம் அதிலேயே கரையும். அதைத் தவிர்க்க, டிக்கெட்டில் இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும்போதே ஒன்றை நிறுத்திப் பிரிப்பது வீண்போல் தோன்றலாம். நான் செய்வேன்.