ஆயர் ஈத்தாம் வீட்டில் படுத்துக்கிடந்த இணையம்

இந்த முறை பினாங்குப் பயணத்தில் விமானம், குடிநுழைவு, கார் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எழுத வேண்டியது ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டு இணையத்தைப் பற்றித்தான்.

தீபாவளிக்குச் சாயம் அடித்ததிலிருந்தே இணையம் சரியில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். மெல்பர்னிலிருந்து என் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் தாத்தாவின் முகம் அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். அவர் புகார் செய்யாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் பஹாசாவுக்கு ஓர் எண், ஆங்கிலத்துக்கு ஓர் எண் என்று அமுக்கி, பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்து, கடைசியில் கிடைத்த பதில் ஒன்றேதான்: எங்கள் பக்கம் லைன் நன்றாக இருக்கிறது, மோடத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். எழுபதைத் தாண்டிய மனிதர், முட்டி வலியோடு அலமாரிக்குப் பின்னால் குனிந்து அதையும் செய்திருக்கிறார். போட்டவுடன் கொஞ்சம் உயிர் வரும், அப்புறம் மறுபடியும் படுத்துவிடும்.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் மோடம் கீச்சென்று கத்தித்தான் இணையும். அம்மா பக்கத்து அறையில் போனை எடுத்தால் எல்லாம் அறுந்துபோகும். ஆனால் எதனால் அறுந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது வாசல்வரை ஃபைபர் வந்துவிட்டது. ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால் சொல்லத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்குப் போனதும் ரவுட்டரைப் பார்த்தேன். யாரும் எதையும் பயன்படுத்தவில்லை, டிவியும் அணைந்திருந்தது. ஆனாலும் வீட்டுக் கருவிகளின் கேபிளைச் செருகும் லேன் துளைகளின் விளக்குகள் மூச்சு விடாமல் துடித்தன. மெல்பர்னில் என் வீட்டில் இருப்பது பழைய கேபிள் டிவி வழியாக வரும் இணைப்பு. ஒரே தடத்தை அக்கம்பக்கத்து வீடுகளும் பகிர்ந்துகொள்வதால், இந்த முகவரி யாருடையது என்று நிறுவனத்தின் கருவி கேட்கும் ஏஆர்பி கேள்விகள் எல்லா மோடங்களுக்கும் வரும். அதனால் அங்கே கணினியை அணைத்தாலும் மோடம் சிமிட்டும். அது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. அப்பாவின் இணைப்பு அப்படி இல்லை. பிபிபிஓஇ முறையில் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்துத் தனித்தடமாகப் போகிறது. பக்கத்து வீட்டுக் கேள்விகள் ரவுட்டரைத் தாண்டி உள்ளே வர வழியே இல்லை. அப்படியென்றால் இந்த இரைச்சல் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது.

வலையில் ஓடும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் போகும் முகவரிக்கு, அதாவது எஃப்எஃப் என்று ஆறு முறை வரும் அந்த முகவரிக்கு, ஒரே ஏஆர்பி கேள்வி திரும்பத் திரும்பப் பாய்ந்துகொண்டிருந்தது. எங்கோ கேபிள் வளையம் விழுந்து, அனுப்பிய செய்தியே சுற்றிச் சுற்றி வருகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அலமாரியை நகர்த்திப் பார்க்கலாம் என்றால் அப்பா விடவில்லை. "அவங்க பொருள்டா, கை வைக்காதே. நாளைக்கு எதுவும் ஆச்சுன்னா நம்ம மேலதான் சொல்வாங்க." அந்தத் தலைமுறைக்கு நிறுவனப் பெட்டி என்றால் அரசாங்க முத்திரை குத்தியது மாதிரி. சரி என்று நானே கூப்பிட்டேன்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்கும் போகும் செய்தி, அதிகமாக இருக்கிறது, வீட்டுக்குள் வளையம் இருக்கும்போல என்று தெளிவாகச் சொன்னேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் முன்னால் இருந்த திரையில் அதற்கு இடமில்லை. மோடத்தை அணைத்துப் போட்டீர்களா, சிவப்பு விளக்கு எரிகிறதா, இவ்வளவுதான். லேன் விளக்குகளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. நான் வற்புறுத்திய பிறகே ஆள் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள், அதுவும் காலையிலிருந்து மாலைக்குள் எப்போதாவது. மெல்பர்னில் டெக்னீஷியன் கிளம்பியதும் குறுஞ்செய்தி வந்துவிடும். இங்கே அப்பா வழக்கமான கடையில் ரொட்டி சானாய் பசியாறுவதைக்கூட விட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வந்தவர் இளைஞர், நம் பையன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ரவுட்டர் முன்னால் சற்று நேரம் சும்மா நின்று விளக்குகளை மட்டும் பார்த்தார். "அங்கிள், லைன் பிரச்சனை இல்ல. உள்ள ஏதோ சுத்திக்கிட்டு இருக்கு." கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றியதும் எல்லா விளக்கும் அடங்கியது. அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

முன்பு இருந்த டிவி பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதன் கேபிள் மட்டும் மாடிவரை கிடந்திருக்கிறது. சாயம் அடித்தவர்கள் சாமான்களைத் திரும்ப வைக்கும்போது, தொங்கிய முனையை மாடியில் இருக்கும், பல கருவிகளை வலையில் சேர்க்கும் சின்ன ஸ்விட்ச் பெட்டியின் காலித் துளையில் செருகிவிட்டார்கள். மறுமுனை ரவுட்டரிலேயே இருந்தது. ஏற்கெனவே ஒரு கேபிள் அதே இரண்டு பெட்டிகளையும் இணைத்துக்கொண்டிருந்ததால் வளையம் பூர்த்தியாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முனையில் எச்சரிக்கை எதுவும் எழுதியிருக்கவில்லையே.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் காணாமல் போன பிள்ளைக்காக ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்களே, பிராட்காஸ்ட் அப்படித்தான்: தேடுவது ஒருவரை, காதில் விழுவது எல்லோருக்கும். ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் குறைந்து தீர்ந்துபோகும். வீட்டுக் கேபிளில் அந்தப் பொட்டலத்தைச் சுமக்கும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அது கிடையாது. வளையத்தில் சிக்கினால் யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை அந்த அறிவிப்பு நிற்காது. வைஃபை இதை எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும்படி மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புவதால், கேபிளே இல்லாத கைப்பேசிக்கும் காற்றில் இடம் கிடைக்காமல் போகிறது. தாத்தாவின் முகம் உறைந்தது அதனால்தான்.

வளையத்தைக் கண்டுபிடித்து ஒரு வழியை மூடிவிட்டு இதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை ரேடியா பெர்ல்மன் என்ற கணினி அறிஞர் 1985லேயே உருவாக்கிவிட்டார். 1990ல் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு அதைத் தரமாகவும் ஆக்கியது. வீட்டுக்கு வாங்கும் மலிவு ஸ்விட்ச் பெட்டிகள் பலவற்றில் இன்றும் அது இருப்பதில்லை.

அந்தத் தம்பி கேபிளைக் கழற்றியதோடு கிளம்பிவிடவில்லை. இரண்டு முனையையும் சுருட்டிக் கட்டி, டேப் ஒட்டி, 'ஜாங்ஙான் சுச்சோக்' என்று மலாயில் பேனாவால் எழுதினார், செருக வேண்டாம் என்று யார் பார்த்தாலும் புரியட்டும் என. அம்மா கொடுத்த தே ஓவைக் குடித்துவிட்டு, காசு வாங்க மறுத்துப் போனார். மெல்பர்னில் எனக்கு வந்த எந்த டெக்னீஷியனும் இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

மாலையில் நட்சத்திரம் கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது. அவருக்கு ஐந்தும் கொடுத்தேன். தொலைபேசிச் சேவையைப் பற்றி அதில் கேள்வியே இல்லை. கருத்து எழுதும் கட்டத்தில் எழுதினேன்: 'அணைத்துப் போடச் சொல்வதற்கு முன் லேன் விளக்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். எதைக் கழற்றினால் அடங்குகிறது என்று கேளுங்கள். என் அப்பாவால் அதைச் செய்ய முடியும்.'