ஐசிடி-10இன் நச்சுக் கோடுகள்: பல வருஷம் புழங்கிய பிறகு எழுதும் மதிப்பீடு

மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் விஷ கேஸ் ஷீட்டுகளைக் கையாள்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10 இரண்டு பகுதிகளைத் தருகிறது (குறியீட்டைத்தான் இங்கே 'கோடு' என்கிறோம்). மருந்துகளால் ஏற்பட்ட நச்சு டி36 (டி என்பது ஆங்கில T) முதல் டி50 வரை. மருந்தல்லாத பொருள்களால் ஏற்பட்டது டி51 முதல் டி65 வரை. முதல் வாரத்தில் இது எளிதாகத் தெரியும். நாள்பட்ட பிறகுதான் உண்மையான சிக்கல் பிடிபடும்: பொருளின் பெயர் மட்டும் போதாது, அது எந்த வடிவில் உள்ளே போனது என்பதும் வேண்டும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை எடுத்துக்கொள்ளுங்கள். இதய நோயாளி மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியிருந்தால் டி45.5. அதே வேதிப்பொருள் எலி மருந்தாக உள்ளே போயிருந்தால் டி60.4. கண்வலிக்கிழங்கைத் தின்றவருக்கு டி62.2, அதிலிருக்கும் கோல்ச்சிசினை மாத்திரையாகப் போட்டவருக்கு டி50.4. அரளி விதையும் ஓடுவன்தழையும் டி62.2தான். அரளி இதயத்தைப் பாதிக்கிறது, ஈசிஜியில் டிஜாக்சின் நச்சு மாதிரியே தெரிகிறது என்பதற்காக டி46.0க்குப் போகக் கூடாது. அது மருந்துக்கான இடம்.

கோடு தேட மூன்றாம் தொகுதியின் மருந்து, வேதிப்பொருள் அட்டவணைதான் வழி. ஒவ்வொரு வரியிலும் பொருளுக்கு எதிரே ஐந்து கட்டம்: டி கோடு, விபத்து, தற்கொலை முயற்சி, நோக்கம் தெரியாதது, சிகிச்சையில் வந்த பக்கவிளைவு. கொலை முயற்சிக்குக் கட்டம் கிடையாது; எக்ஸ்85 முதல் எக்ஸ்90 வரை நீங்களே கோடுகளின் முழுப் பட்டியலான முதல் தொகுதியில் தேடிக்கொள்ள வேண்டும் (எக்ஸ், ஒய் கோடுகள் நச்சு எந்த நோக்கத்தில் உள்ளே போனது என்ற வெளிக்காரணத்தைச் சொல்பவை). அட்டவணையில் எடுத்த கோட்டை முதல் தொகுதியில் சரிபார்க்காமல் பதிவு செய்யாதீர்கள். 'இதில் சேராது' என்ற குறிப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. டி60.4க்குக் கீழே ஸ்ட்ரிக்னைன் இதில் சேராது, டி65.1க்குப் போ என்று இருப்பது அப்படி ஒன்று.

அட்டவணையில் நம் ஊர்க் கடையின் பிராண்டு பெயர்கள் இருக்காது. உறவினர் கொண்டுவரும் பாட்டிலின் லேபிளில் உள்ள வேதிப்பெயர்தான் உதவும். கேஸ் ஷீட்டில் 'பூச்சி மருந்து' என்று மட்டும் இருந்தால், காஷுவாலிட்டி குறிப்பையும் நர்சிங் குறிப்பையும் புரட்டிப் பாருங்கள். வேதிப்பெயர் பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும். லேபிளில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீல, பச்சை முக்கோணம் நச்சின் கடுமையைத்தான் காட்டும். அது எந்த வகை வேதிப்பொருள் என்பதைச் சொல்லாது. சிவப்பு முக்கோணம் என்றால் ஆர்கனோபாஸ்பேட் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் புதியவர்களிடம் உண்டு, அதை முதல் நாளே நிறுத்த வேண்டும்.

டி60தான் நம் பக்கத்து மருத்துவமனைகளில் அதிகம் தேயும் பக்கம். குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகளும் கார்போஃபியூரான் போன்ற கார்பமேட்டுகளும் டி60.0. எண்டோசல்பான் போன்ற ஆர்கனோகுளோரின் டி60.1. சைபர்மெத்ரின், இமிடாகுளோபிரிட் டி60.2. களைக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் டி60.3. குளோர்பைரிபாஸ் 50 சதவீதமும் சைபர்மெத்ரின் 5 சதவீதமும் கலந்த மருந்து என்றால் ஒரே கோட்டில் நின்றுவிடாமல் டி60.0, டி60.2 இரண்டையும் போடுங்கள்.

இந்தப் பகுதியின் மேல் எங்களுக்குத் தீராத குறை ஒன்று உண்டு. பாராகுவாட்டும் கிளைஃபோசேட்டும் ஒரே டி60.3க்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஒன்று நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சிதைப்பது, மற்றது பெரும்பாலும் அத்தனை மோசம் இல்லை. வருஷக் கடைசியில் கோடுகளை வைத்துக் கணக்கெடுத்தால் பாராகுவாட் எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆர்கனோபாஸ்பேட்டையும் கார்பமேட்டையும் டி60.0இல் சேர்த்ததும் அப்படித்தான். பிராலிடாக்ஸிம் என்ற முறிமருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் இரண்டும் வேறு வேறு, கோடு மட்டும் ஒன்று. இதற்கு எளிய மாற்று, மென்பொருளின் குறிப்புக் கட்டத்தில் வேதிப்பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எப்போதும் எழுதுவது. ஒருவர் 'பேராகுவாட்', இன்னொருவர் 'பாரகுவாட்' என்று எழுதினால் அதுவும் தேடலுக்கு உதவாது.

எலி பேஸ்ட்டுக்கும் இதே தொல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கிறதே, டி57.1 அல்லவா என்ற கேள்வி அடிக்கடி வரும். எலிக்கொல்லியாக விற்ற பொருள் என்பதால் டி60.4 என்று பிரிவு முழுவதும் ஒரே முடிவில் நிற்பதுதான் எங்கள் பரிந்துரை. கல்லீரல் பாதித்திருந்தால் கே71ஐச் சேர்த்துப் போட்டால், இரத்தம் உறையாமல் போகும் எலிக்கேக் கேஸிலிருந்து ஓரளவு பிரிந்து தெரியும்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சாணிப் பவுடர் என்று ஒன்று வரும். மஞ்சள் பவுடர் ஆரமைன், பச்சை என்றால் மாலகைட் கிரீன். வாசல் தெளிக்கச் சாணத்துக்குப் பதிலாக வாங்கும் சாயம் அது. பெயரைப் பார்த்து உணவு நஞ்சு, தாவர நஞ்சு என்று ஓடாமல் டி65.6 என்ற சாயக் கோட்டில் வைக்க வேண்டும். வெளிக்காரணம் எக்ஸ்49, எக்ஸ்69, ஒய்19 வரிசையில் வரும். பூச்சி மருந்துக்கான எக்ஸ்48, எக்ஸ்68 அங்கே பொருந்தாது.

நோக்கம்தான் எல்லாவற்றிலும் சங்கடமானது. பூச்சி மருந்துக்கு விபத்து எக்ஸ்48, தனக்குத்தானே எடுத்தது எக்ஸ்68, பிறர் கொடுத்தது எக்ஸ்87, தெரியவில்லை ஒய்18. போலீஸ், எம்எல்சி (சட்டம் தொடர்பான மருத்துவ வழக்கு) என்ற பயத்தில் 'தண்ணின்னு நெனச்சு குடிச்சுட்டார்' என்று குடும்பத்தார் சொல்வது நடப்பதுதான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. பயம் இன்னும் போகவில்லை. கோடருக்கு விசாரணை வேலை கிடையாது. டாக்டர் எழுதியதற்கே கோடு. குறிப்பில் நோக்கமே எழுதப்படவில்லை என்றால் விதிப்படி விபத்தாகத்தான் போகும். ஒய்18, தகவல் போதாமல் தீர்மானிக்க முடியாதவற்றுக்கு. எழுத மறந்த இடத்தை நிரப்புவதற்காக அது இல்லை. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி மூடும் முன் டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுவது நல்லது. மரணம் என்றால் இது இன்னும் முக்கியம்: மரணக் காரணச் சான்றான படிவம் 4ஐ வைத்து அடிப்படைக் காரணமாகத் தேர்வாவது டி கோடு இல்லை, எக்ஸ் அல்லது ஒய் கோடுதான். எக்ஸ், ஒய் கோட்டின் நான்காம் இலக்கத்தில் சம்பவம் நடந்த இடத்தையும் விடாதீர்கள்: வீடு 0, வயல் 7, தெரியாவிட்டால் 9.

கள்ளச்சாராயம் தனிக் கவனம் கேட்பது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததுபோல் ஒரே இரவில் நிறையப் பேர் வந்தால் சீட்டுகளில் 'சாராயம் குடித்து மயக்கம்' என்றே இருக்கும். அதைப் பார்த்து எஃப்10.0 போட்டால் மெத்தனால் கேஸ் முழுவதும் வெறும் போதைக் கணக்கில் கரைந்துவிடும். ஆய்வக முடிவு வரும்வரை கோட்டை நிறுத்தி வைத்து, டாக்டர் மெத்தனால் என்று எழுதியதும் டி51.1 போடுங்கள். விபத்துக்கான எக்ஸ்45 எத்தனால், மெத்தனால் இரண்டுக்கும் பொது, ஆக வேறுபாட்டைக் காட்டுவது டி கோடு மட்டுமே. அமில மிகைவு ஈ87.2, பார்வை நரம்பு பாதிப்பு இரண்டையும் துணைக்கோடாகச் சேருங்கள்.

துணைக்கோடுகளில் வழக்கமாக விட்டுப்போவது: மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு டி52.0 போட்டு, எண்ணெய் நுரையீரலுக்குள் போன அழற்சிக்கான ஜே69.1ஐ மறப்பது, ஆசிட் குடித்தவருக்கு டி54.2 போட்டு உணவுக்குழாய்ப் புண்ணுக்கான டி28.6ஐ மறப்பது, ஆர்கனோபாஸ்பேட் நோயாளி நான்காம் நாள் கழுத்தைத் தூக்க முடியாமல் வென்டிலேட்டருக்குப் போன பிறகும் மூச்சு செயலிழப்புக்கு ஜே96.0 இல்லாமல் விடுவது. ஐசியூ செலவுக்கான நியாயம் இந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. குழந்தை எதையோ விழுங்கிவிட்டது என்று ஒரு நாள் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினால் டி கோடே வேண்டாம், இசட்03.6 போதும்.

சென்னையிலிருந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்கு கோடிங் செய்பவர்கள் ஐசிடி-10இன் அமெரிக்கப் பதிப்பான ஐசிடி-10-சிஎம்மில் இதையெல்லாம் வேறு மாதிரி பார்ப்பார்கள். அங்கே நோக்கம் கோட்டுக்குள்ளேயே இருப்பதால் தனி எக்ஸ் கோடு வேண்டாம். டி60.0எக்ஸ்2ஏ என்றால் ஆர்கனோபாஸ்பேட், நடுவில் வெற்றிடம் நிரப்பும் எக்ஸ், 2 தற்கொலை முயற்சி, ஏ சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் முதல் கட்டம். அந்த வெற்று எக்ஸையோ ஏழாம் எழுத்தையோ விட்டால் கோடு செல்லாது, காப்பீட்டு கிளெய்ம் திரும்பி வரும். நச்சுக் கோடு முதலில், விளைவு அப்புறம். ஆனால் சரியாகக் கொடுத்த மருந்தின் பக்கவிளைவு என்றால் வரிசை தலைகீழ். பாம்பிலும் அங்கே பிரிவு அதிகம்: நாகத்துக்கு டி63.04, 'பிற ஆப்பிரிக்க, ஆசியப் பாம்பு' என்பதற்கு டி63.08. உலக சுகாதார நிறுவனப் பதிப்பில் எல்லாப் பாம்புக்கும் டி63.0 ஒன்றுதான்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, என்ஈ60, என்ஈ61 என்ற இரண்டு மூலக் கோடுகளோடு பொருளைத் தனி நீட்டிப்புக் கோடாக ஒட்டச் சொல்கிறது. களைக்கொல்லிக் குறை தீர அதுவே வழி, மென்பொருள் ஏற்றுக்கொண்டால்.

கடைசியாக, மறுபரிசோதனைக்கு வருபவர்கள். ஆர்கனோபாஸ்பேட் கேஸ் சில வாரம் கழித்துக் கால் மரத்துப்போய் வந்தால் நச்சால் வந்த நரம்பு பாதிப்புக்கான ஜி62.2 முதலில், பின்விளைவு என்று காட்ட டி97. முதல் முறை எக்ஸ்68 என்றிருந்தால் இப்போது ஒய்87.0, விபத்து என்றிருந்தால் ஒய்86. டி60.0ஐத் திரும்பப் போட்டால் ஒரே ஆள் அந்த வருஷக் கணக்கில் இரண்டு விஷ கேஸாக ஏறிவிடுவார்.