வீட்டுக் கஞ்சாச் செடிக்கான ‘அறுவடைப் பெட்டி’: ஒரு மதிப்பீடு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கான பொருட்களை விற்கும் கடைகளில், கோடை முடியும் தறுவாயில், ‘அறுவடைப் பெட்டி’ என்ற பெயரில் ஒரு தொகுதி முன்வரிசையில் அடுக்கப்படுகிறது. நான் வாங்கிய பெட்டியில் அறுவடைக்கு முன் வேரடியை அலச ஊற்றும் ஒரு லீற்றர் ஃப்ளஷ் திரவம், அறுபது மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய உருப்பெருக்கி, முனை வளைந்த கத்தரிக்கோல், அடுக்கடுக்காகத் தொங்கும் உலர்த்தும் வலை, கண்ணாடி ஜாடிகள், ஜாடிக்குள் போடும் 62 சதவீத ஈரப்பத உறைகள் ஆகியவை இருந்தன. விலையில் பெரும்பங்கு அந்தத் திரவத்துக்கே போகிறது என்பதைப் பொருட்களைத் தனித்தனியாக விலை பார்த்தால் எளிதில் கண்டுகொள்ளலாம். ஆகையால், இந்தப் பெட்டியை மதிப்பிடுவது பெரிதும் அந்தப் போத்தலை மதிப்பிடுவதாகவே அமைகிறது.

சட்ட நிலையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கனடாவில் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்ரோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தபின், ஒரு வீட்டில் எத்தனை பேர் வசித்தாலும் மொத்தம் நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். ஒன்ராறியோவில் வளர்ப்பவருக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதை முற்றாகத் தடை செய்துள்ளது. அந்தத் தடை செல்லும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டில் ஒரு செடி வளர்ப்பதுகூடத் தண்டனைக்குரிய குற்றம் என்பதால், இந்த மதிப்பீடு அங்குள்ளவர்களுக்கு வெறும் வாசிப்புக்கு மட்டுமே.

ஃப்ளஷ் என்பது, அறுவடைக்கு முந்தைய ஓரிரு வாரங்களுக்கு உரத்தை நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீரையோ இத்தகைய திரவம் கலந்த தண்ணீரையோ சாடியின் அடிவழியே வழிந்தோடும்வரை ஊற்றும் வழக்கம். செடிக்குள் மிஞ்சியிருக்கும் உரம் இதனால் வெளியேறிவிடும், புகை தொண்டையைக் கரகரக்க வைக்காது, சாம்பல் வெள்ளையாக விழும் என்பவை இந்த வழக்கத்தின் வாக்குறுதிகள். போத்தலின் பின்பக்கத்திலும் ஏறத்தாழ இவையே அச்சிடப்பட்டுள்ளன. ஆனால் வேரடியில் ஊற்றும் தண்ணீர் பூவின் திசுக்களுக்குள் புகுந்து அவற்றை அலசிக்கொண்டு திரும்பி வருவதில்லை. செடி உறிஞ்சிய நைதரசன் ஏற்கெனவே புரதமாகவும் பச்சையமாகவும் மாறிவிட்டது; கல்சியம் போன்ற தனிமங்கள் ஒருமுறை திசுவில் சேர்ந்தபின் அங்கிருந்து நகர்வதே அரிது. உரத்தை நிறுத்தியதும் இலைகள் மஞ்சளாவதைக் கண்டு, உப்பெல்லாம் வெளியேறிவிட்டது என்று பலர் மகிழ்கிறார்கள். உண்மையில், பட்டினி கிடக்கும் செடி தன் முதிர்ந்த இலைகளில் இருந்த நைதரசனைப் பிரித்தெடுத்து இளம் பகுதிகளுக்கு, பூக்களும் உட்பட, அனுப்புவதன் அடையாளமே அந்த மஞ்சள்.

ஆய்வுகளும் இந்த வாக்குறுதிகளுக்குத் துணை நிற்கவில்லை. ஒன்ராறியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2017இல் சமர்ப்பிக்கப்பட்ட ஓர் ஆய்வேடு, ஃப்ளஷ் செய்வதால் பூவிலுள்ள தனிமங்களின் அளவு குறைவதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று காட்டியது. அமெரிக்காவின் ஆர்எக்ஸ் கிரீன் டெக்னாலஜிஸ் நிறுவனம் ஒரே இரகச் செடிகளைப் பிரித்து, 14 நாள், 10 நாள், 7 நாள் ஃப்ளஷ் செய்தவற்றையும் ஃப்ளஷே செய்யாதவற்றையும் ஒப்பிட்டது. விளைச்சலிலும் போதை தரும் சேர்மமான டிஎச்சியின் அளவிலும் நறுமணச் சேர்மங்களிலும் கருதத்தக்க வேறுபாடு தெரியவில்லை, எது எதுவென்று அறியாமல் சுவைத்தவர்களும் ஃப்ளஷ் செய்ததை உயர்த்திச் சொல்லவில்லை. அந்த நிறுவனம் உரம் விற்பது என்பதால், உரத்தை நிறுத்தத் தேவையில்லை என்ற முடிவு அதற்கு இலாபமானது என்பதையும் நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும், ஃப்ளஷ் திரவம் விற்பவர்கள் இதற்கு எதிரான ஒரு சோதனையைப் போத்தலிலோ துண்டுப் பிரசுரத்திலோ முன்வைக்கவில்லை.

இத்தகைய திரவம் எதற்குமே உதவாது என்று சொல்லிவிட முடியாது. தேங்காய்நார்த் தூளிலோ, பாறையை உருக்கி நூலாக்கிய ராக்வூல் பஞ்சிலோ வளர்ப்பவர்களுக்கு, பருவத்தின் நடுவில் வேரடியில் உப்புப் படிவதுண்டு. கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டுவது மின்கடத்துதிறன்; ஊற்றிய கரைசலின் மின்கடத்துதிறனைவிட வழிந்தோடும் நீரின் மின்கடத்துதிறன் மிகவும் உயர்ந்திருந்தால், அலசுவது நியாயமான சிகிச்சை. அதற்கும் pH (அமில-காரத் தன்மை) சரிபார்த்த தண்ணீரோ மெல்லிய உரக் கரைசலோ போதும். கம்போஸ்ட் கலந்த உயிர்ப்புள்ள மண்ணில் வளர்ப்பவர்கள் இந்த வழக்கத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. அறுவடை நெருங்கும் வேளையில் சாடியை வெள்ளக்காடாக்கினால், வேர்களுக்குக் காற்றில்லாமல் போவதோடு, பூக்களைச் சுற்றியுள்ள ஈரமும் கூடி, சாம்பல் பூஞ்சைக்கு இடம் கொடுத்ததாகிவிடும். செப்டெம்பர், ஒக்ரோபர் மாத மழையில் வெளியே செடி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பூஞ்சைதான் உண்மையான பகை.

பெட்டியிலேயே மிக மலிவான உருப்பெருக்கிதான் அதிலுள்ள மிகச் சிறந்த பொருள். அறுவடை நாளைத் தீர்மானிக்க, பூவின் மேல் காளான் வடிவில் நிற்கும் பிசின் சுரப்பிகளின் தலைகளைப் பார்க்க வேண்டும். அவை கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. பெரும்பாலானவை பால்போல் வெளிறிவிட்டால் முதிர்ச்சி வந்துவிட்டது. தேன் நிறம் பரவத் தொடங்கினால் முதிர்ச்சி கடந்துகொண்டிருக்கிறது. பூவின் வெண்ணிறச் சூல்முடிகள் பழுப்பாவதை மட்டும் வைத்து நாள் குறிப்பது நம்பத்தக்கதல்ல. காற்றும் மழையும் கைபடுவதும்கூட அவற்றைப் பழுப்பாக்கிவிடும். பூவை ஒட்டிய சிறு இலைகளிலுள்ள சுரப்பிகள் முன்னதாகவே நிறம் மாறிவிடுவதால், பூவிதழ் உறைகளின் மேலுள்ளவற்றையே பார்க்க வேண்டும் என்பதைப் பெட்டியோடு வந்த பிரசுரம் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். இந்த உருப்பெருக்கியின் விளக்கு சற்று நீல நிறமாக எரிவதால் தேன் நிறம் மங்கித் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பதே தெளிவு. கை நடுங்கினால் அறுபது மடங்கில் எதுவும் நிலைத்துத் தெரியாது என்பதால், ஒரு சிறு துண்டைக் கத்தரித்து மேசையில் வைத்துப் பார்ப்பது எளிது.

கத்தரிக்கோல் கூர்மையானது. பிசின் ஒட்டிக்கொண்டால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடலாம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

உலர்த்தும் வலைக்கும் ஜாடிகளுக்கும் பெட்டி இன்னும் அதிக மரியாதை கொடுத்திருக்கலாம். புகையின் கரகரப்புக்குக் காரணம் உரம் என்று ஃப்ளஷ் திரவம் குற்றம் சாட்டுகிறது. ஆனால் அந்தக் கரகரப்பும் பச்சைப்புல் வாடையும் பெரும்பாலும் அவசர உலர்த்தலில் பிறப்பவை. யாழ்ப்பாணத்தில் புகையிலை பதனிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தோட்டத்தில் விளைந்த இலையின் தரத்தைப் பின்னர் நடக்கும் பதனிடல் தூக்கியும் விடும், கெடுத்தும் விடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கஞ்சாப் பூவை 15 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 55 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில், இருட்டில், மெல்லிய காற்றோட்டத்தில், ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை விட வேண்டும். சிறு காம்பு வளையாமல் ஒடியும்போது ஜாடிக்கு மாற்றலாம். வலைத் தட்டில் பரப்பிய தனிப்பூக்கள், கிளையோடு தொங்கவிட்டவற்றைவிட விரைவாகக் காய்ந்துவிடுகின்றன. பனிக்காலம் தொடங்கி வீட்டுச் சூடேற்றி ஓடும்போது நிலவறையின் காற்று வறண்டுபோவதால், அப்போது கிளையோடு தொங்கவிடுவதே மேல். இடம் குறைந்த, ஈரம் மிகுந்த அறைகளுக்கு வலை பொருந்தும்.

ஜாடிகளின் மூடி காற்றுப் புகாமல் இறுகுகிறது. முதல் சில வாரங்களில் அவற்றை நாள்தோறும் சற்று நேரம் திறந்துவிட வேண்டும். ஈரப்பத உறைகள் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் சரியாகக் காய்ந்த பூவின் ஈரத்தைக் காப்பதுதான் அவற்றின் வேலை. ஈரமாக ஜாடியில் அடைத்த பூவை அவை உலர்த்தித் தந்துவிடும் என்று நம்பினால், திறக்கும்போது அம்மோனியா வாடையும் பூஞ்சையுமே மிஞ்சும். பூஞ்சை பிடித்ததை, சிறிதளவே ஆனாலும், வெட்டி எறிந்துவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்துவது நுரையீரலுக்கு ஆபத்தானது. குறிப்பாக நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சையால் கடுமையான தொற்றுக்கு உள்ளாகக்கூடும். வீட்டில் சிறுவர்களோ வளர்ப்பு விலங்குகளோ இருந்தால் ஜாடிகளைப் பூட்டி வைக்கவும் வேண்டும். பெட்டியில் பூட்டு இல்லை.

ஜாடிக்குள் வைக்கும் சிறிய ஈரப்பதமானியும் இல்லாததுதான் இந்தத் தொகுதியின் பெருங்குறை. போத்தலை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இரண்டு ஈரப்பதமானிகளை வைத்து, விலையைப் பாதியாக்கி விற்றால், தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இப்போதைய நிலையில், உருப்பெருக்கி, ஜாடி, ஈரப்பத உறை, ஈரப்பதமானி ஆகிய நான்கையும் தனித்தனியாக வாங்குவது மலிவு. கத்தரிக்கோல் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். திரவத்தைத் திறக்காமல் வைத்திருப்பவர்கள், கடை ஏற்றுக்கொண்டால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.