கிளிப் மூடி கண்ணாடி ஜாடி: சர்க்கரைக்குச் சரிப்படுமா?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் சென்னையில் எவர்சில்வர் டப்பாச் சர்க்கரையில் ஸ்பூன் இறங்காது. டப்பா எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மூடியில் கேஸ்கட் கிடையாது. கம்பிக் கிளிப்பும் சிலிக்கோன் வளையமும் வைத்த கண்ணாடி ஜாடி அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் அளவு பார்த்து வாங்க வேண்டும், வளையத்தையும் கவனிக்க வேண்டும்.

சுத்தமான வெள்ளைச் சர்க்கரை, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 85 சதவீதத்தைத் தொடும்வரை அவ்வளவாக ஈரம் இழுக்காது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு பரலின் மேல்பரப்பும் லேசாகக் கரைந்து பாகாகிறது. மழை விட்டு வெயில் வந்ததும் அந்தப் பாகு காய்ந்து, பக்கத்துப் பரலோடு பாலம் போட்டுக்கொள்கிறது. அப்படி நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்துதான் கட்டி இறுகுகிறது. பொடிச் சர்க்கரை சீக்கிரம் கட்டுவதும் இதனால்தான்: பரல் சிறிதானால் ஒட்டும் இடங்கள் அதிகம்.

1 லிட்டர் ஜாடியில் சுமார் 850 கிராம்தான் பிடிக்கும். கிலோ பாக்கெட் வாங்கும் வீட்டுக்கு 1.25 லிட்டராவது வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டில் கிடக்கும், எறும்பு அங்கேதான் முதலில் போகும்.

கடையிலேயே ஒரு துண்டுச் சீட்டை வளையத்துக்கும் வாய்க்கும் நடுவே வைத்துக் கிளிப்பை அழுத்துங்கள். நாலு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் உருவிக்கொண்டு வந்தாலும் அந்த ஜாடி வேண்டாம்.

வீட்டில் இது தோற்பது பெரும்பாலும் வளையத்தில்தான். அதன்மேல் நாலு பரல் உட்கார்ந்தால் போதும், மூடி சரியாகப் படியாது. நிரப்பியதும் உலர்ந்த துணியால் வாயைத் துடைத்துவிடுங்கள். கழுவும்போது வளையத்தைக் கழற்றாவிட்டால் பள்ளத்தில் நிற்கும் தண்ணீரே சர்க்கரையைக் கெடுத்துவிடும். தனியாகக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுவது நல்லது.

பால் பொங்கும் அடுப்புக்கு மேலே ஜாடியைத் திறந்து சாய்த்தால் ஆவி நேராக உள்ளே போகும். எந்த ஜாடியும் இதற்குத் தாங்காது. தினப்படிக்கு 200 கிராம் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, பெரியதை வாரம் ஒரு முறை திறந்தால் போதும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்; வெளியே எடுத்துத் திறந்ததும் வேர்த்துவிடும்.

ஜாடிக்குள் சிலிக்கா ஜெல் போடுவதானால் உணவுக்கு என்று விற்கும் பையாக இருக்கட்டும். நீல நிற மணிகள் வேண்டாம், அவற்றில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் உண்டு. துணியில் முடிந்த அரிசி கொஞ்சம்தான் உதவும். கிராம்பு எறும்புக்குப் போடுவது, கட்டிக்கு அல்ல.

நாட்டுச்சர்க்கரைக்கு ஜாடி மட்டும் போதாது. அதிலுள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் வெள்ளைச் சர்க்கரையைவிடக் குறைந்த ஈரத்திலேயே நசநசக்க ஆரம்பிக்கும். தட்டில் பரப்பி வெயிலில் உலர்த்தி, சூடு முழுக்க ஆறிய பிறகே அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும்.